பசங்களுக்கு "அட!"ன்னு வாய் பிளக்கிற அந்த நிமிஷம் வகுப்புல எப்படி வரும்?

வைகைக்கரை_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில 6, 7, 8க்கு அறிவியல் எடுக்கிறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம் இது, வேற எங்க கேக்குறதுன்னு தெரியல, அதான் இங்க வந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு புதுசா வர்ற பிள்ளைங்க கேள்வியா கேட்டுத் தள்ளுவாங்க. மிஸ் பல்லி வால் அறுந்த பிறகும் ஏன் துடிக்குது, மிஸ் நிலா ஏன் நம்ம பஸ்ஸு கூடவே வருது, மிஸ் தேங்காய்க்குள்ள தண்ணி எப்படிப் போச்சு. அதே பிள்ளைங்க எட்டாவது முடிக்கிறப்போ அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருக்கு, "மிஸ் இது பரீட்சைக்கு வருமா?" இந்த மூணு வருஷத்துக்குள்ள அதுங்களுக்கு என்ன ஆகுது?

எக்ஸ்பெரிமெண்ட் செஞ்சு காட்டாம இல்ல. 2022ல வானவில் மன்றம்னு அரசுத் திட்டம் வந்த பிறகு நடுநிலைப் பள்ளியில கூட கையில எடுத்துச் செய்ய சாமான் இருக்கு, அது எங்களுக்குப் பெரிய உதவி. நானும் சோடா உப்பு வினிகர் எரிமலை பண்ணியிருக்கேன், பாட்டில் மேல பலூன் மாட்டி ஊத வச்சிருக்கேன், பசங்க கை தட்டுவாங்க, ஹேய்னு கத்துவாங்க, மறுநாள் கேட்டா எரிமலை பொங்குச்சுங்கிறதைத் தவிர ஒண்ணும் நினைவில இருக்காது. கை தட்டுறது வேற, வியந்து போய் நிக்கிறது வேறன்னு எனக்குத் தோணுது. ரெண்டாவதா சொன்னது நடக்குறப்போ வகுப்பு சத்தம் போடாது, ஒரு மாதிரி அடங்கிப் போயிடும், அப்புறம் ஒரு பிள்ளை மெதுவா "அப்போ..."ன்னு ஆரம்பிக்கும். அந்த "அப்போ" எப்படி வருது? உங்க வகுப்புல, வீட்டுல எங்கயாவது பாத்திருந்தா எழுதுங்க.

---

கூட்டிக்கழிச்சவன்

டீச்சர், அறிவியல்தான் வேணும்னு இல்லையே, கணக்குல இது நல்லா வரும். நான் எந்த வகுப்புக்குப் போனாலும் செய்யுற ஒண்ணு சொல்றேன்.

நாலு இலக்க எண் ஒண்ணு எழுதச் சொல்லுவேன், நாலு இலக்கமும் ஒண்ணா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். இலக்கங்களைப் பெருசுல இருந்து சிறுசா அடுக்கு, சிறுசுல இருந்து பெருசா அடுக்கு, பெரிய எண்ல இருந்து சின்ன எண்ணைக் கழி. வர்ற விடையை வச்சு திரும்பவும் இதையே செய். உதாரணத்துக்கு 3524. 5432ல 2345 போனா 3087. அடுத்து 8730ல 0378 போனா 8352. அடுத்து 8532ல 2358 போனா 6174. இப்ப 6174ஐ வச்சு செஞ்சா 7641ல 1467 போகும், திரும்பவும் 6174 தான்.

இதுல முக்கியம் என்னன்னா நான் முன்கூட்டியே எதையும் சொல்றதில்ல, எல்லாரும் அவங்கவங்க எண்ணை வச்சுக் கழிச்சுட்டு இருப்பாங்க, யாராவது ஒருத்தன் "சார் எனக்கு மாறவே மாட்டேங்குது சார், 6174லயே நிக்குது"ன்னு சொல்லுவான், பக்கத்துல இருக்கிறவ திரும்பிப் பாத்து "எனக்கும் அதுதான்"னு சொல்லுவா, அப்புறம் அது வரிசை வரிசையாப் பரவும். உண்மையாவே அடுத்தவன் நோட்டை எட்டிப் பாக்குற ஒரே கணக்கு இதுதான், காப்பியடிக்க இல்ல, நம்ப முடியாம. எந்த எண்ல ஆரம்பிச்சாலும் 7 தடவைக்குள்ள அங்க வந்து நின்னுரும்.

இதைக் கண்டுபிடிச்சவர் கப்ரேகர். மகாராஷ்டிராவுல நாசிக் பக்கத்து தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியார், பெரிய ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர் இல்ல. அதைச் சொன்னதும் பின் பெஞ்சுல இருக்கிறவனும் நிமிர்ந்து உக்காருவான். அப்புறம் "மூணு இலக்கத்துக்கு என்ன ஆகும்?"னு கேட்டுட்டு நான் கிளம்பிருவேன். மறுநாள் காலையில கேட்டுல நிப்பாட்டி "சார் 495"ன்னு சொல்றதுக்கு ஆள் இருக்கும்.

---

பத்தாங்கிளாஸ்_அறிவியல்

யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரெண்டு பேரு எழுதினதும் படிக்க நல்லா இருக்கு, ஆனா நான் பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறவன். காலாண்டு, அரையாண்டு, அப்புறம் திருப்புதல் தேர்வு வரிசையா வருது, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல யாரு பார்டர்ல இருக்கான்னு பட்டியல் போட்டுக் கொடுக்கணும், அந்தப் பிள்ளைகளை சாயங்காலம் உக்கார வச்சு ஒரு மார்க் கேள்வியாவது மனப்பாடம் பண்ண வைக்கணும், இல்லேன்னா மீட்டிங்குல நிக்க வச்சுக் கேப்பாங்க. இதுல வியப்புக்கு எந்த பீரியட்?

இன்னொண்ணும் சொல்லணும். என்கிட்ட படிக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு பாஸ் ஆகுறதுதான் வாழ்க்கையே மாறுற விஷயம். அந்தப் பொண்ணு பத்தாவது பாஸ் ஆகலேன்னா வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுருவாங்க. அவளுக்கு 6174 காட்டி மகிழ்விக்கிறதை விட 35 மார்க் வாங்க வைக்கிறதுதான் என் கடமைன்னு நான் மனசார நம்புறேன்.

---

வேப்பமர_நிழல்

மேல சார் சொன்னதுக்கு பதில் என்கிட்ட இல்ல, அது பெரிய பிரச்சனை. நான் ஆசிரியர் இல்ல, திண்டுக்கல்ல கடை வச்சிருக்கேன். டீச்சர் கேட்டதுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன்.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் நினைவு இருக்கா? கோயம்புத்தூர், திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம தலைக்கு மேலயே போச்சு, காலையில ஒம்பதரை மணி வாக்குல ஒரு மூணு நிமிஷம் சூரியன் தங்க வளையலா நின்னுச்சு. அன்னைக்கு எங்க தெருவைப் பாத்திருக்கணும், ஊரடங்கு போட்ட மாதிரி. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, சாப்பாட்டுல தர்ப்பை போட்டு, பிள்ளைகளை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அரையாண்டு லீவு வேற, பள்ளிக்கூடமும் கிடையாது.

என் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு. கிரகணக் கண்ணாடி ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன், மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தோம். அப்ப அவ மேல பாக்குறதை விட்டுட்டு கீழ பாத்து "அப்பா தரையப் பாரு"ன்னா. வேப்பமரத்து நிழல்ல எப்பவும் வட்ட வட்டமா வெயில் விழும்ல, அந்த வட்டம் ஒவ்வொண்ணும் மோதிரமா மாறிக் கிடந்துச்சு. சிமெண்டுத் தரை முழுக்க நூத்துக்கணக்குல மோதிரம், காத்து அடிக்க அடிக்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஆடுது. இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஊசித்துளைக் கேமரா மாதிரி சூரியனைக் கீழ படமா போடுதுன்னு எனக்குப் புத்தக அளவுல தெரியும், ஆனா அதுக்கு முன்னாடி மரத்தடியில விழுற அந்த வட்டம் எல்லாம் சூரியனோட உருவம்தான்னு நான் ஒரு நாளும் நினைச்சுப் பாத்ததில்ல. எத்தனை வருஷம் அந்த நிழல்ல கட்டில் போட்டுப் படுத்திருக்கேன்!

எதிர்வீட்டு ஜன்னல்ல மூணு பிள்ளைங்க கம்பியைப் பிடிச்சுட்டு எங்களையே பாத்துட்டு நின்னுச்சுங்க. அவங்க வீட்டுப் பெரியவங்களைக் குத்தம் சொல்லி ஆகப்போறது இல்ல, பயம்தானே. ஆனா மேல பாக்கத்தான் கண்ணாடி வேணும், தரையில விழுற மோதிரத்தைப் பாக்க எதுவும் வேணாம், கண்ணுக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. இதை ஒரு வாத்தியார் முந்தின வாரமே சொல்லியிருந்தா அந்த மூணும் வெளிய வந்திருக்கும். அடுத்து நம்ம பக்கம் வர்ற கங்கண கிரகணம் 2031 மே 21, அதுவும் கோடை லீவுல. இப்பவே சொல்லி வைங்க.

---

பனைவடலி

நான் யாழ்ப்பாணம். உந்த கிரகணம் இஞ்சயும் வடிவாத் தெரிஞ்சது, வளையம் எங்களுக்கு மேலாலயும் போனது. அண்டைக்கு சுனாமி நினைவு நாள், சனம் எல்லாம் ஒரு கனத்த மனசோட இருந்தது, அதுக்குள்ள கிரகணமும் எண்டு கேள்விப்பட்டு வயசுபோன ஆக்கள் நல்லாப் பயந்து போச்சினம். நாங்கள் கொஞ்சப் பேர் பள்ளிக்கூட மைதானத்தில பிள்ளையளைச் சேர்த்து வச்சுக் காட்டினனாங்கள். வேப்பமர நிழல் எழுதினது முழுக்க உண்மை, எங்கட பிள்ளையள் வடிதட்டைக் கொண்டுவந்து பிடிச்சு ஒவ்வொரு ஓட்டையாலயும் ஒவ்வொரு வளையம் விழுத்திக் காட்டினவை.

ஒண்டு கவனிச்சன். பயந்து பயந்து வந்த பிள்ளையள்தான் ஆகலும் கூட நேரம் நிண்டு பாத்தவை. பயமும் வியப்பும் ஒரே வாசலாலதான் வருகுது போல, பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டதைப் பொறுத்துத்தான் அது எந்தப் பக்கம் திரும்பும் எண்டது.

---

ஆய்வு_மாணவி_கோவை

பனைவடலி சொன்னது ரொம்பச் சரி. டாச்சர் கெல்ட்னர், ஜானதன் ஹைட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003ல இதைப் பத்தி எழுதின கட்டுரை இந்தத் துறையில எல்லாரும் மேற்கோள் காட்டுறது. பிரமிப்புன்னா அதுல ரெண்டு விஷயம் இருக்கணும்ங்கிறாங்க. ஒண்ணு, எதிர்ல இருக்கிறது நம்மள விட ரொம்பப் பெருசு, அளவுலயோ ஆழத்துலயோ. ரெண்டு, அது நம்ம மனசுல ஏற்கெனவே இருக்கிற கணக்குக்குள்ள அடங்க மாட்டேங்குது, அதனால கணக்கையே மாத்திப் போட வேண்டியிருக்கு. அச்சமும் அதுல கலந்து வரலாம்னும் சொல்றாங்க.

டீச்சரோட எரிமலைக்கு இதுலயே பதில் இருக்குன்னு நினைக்கிறேன். எரிமலை பொங்கும்னு பசங்களுக்கு முன்னாடியே தெரியும், பேரே எரிமலைதானே. மனசுல இருக்கிற எந்தக் கணக்கையும் அது அசைக்கல.

---

வைகைக்கரை_டீச்சர்

ஐயோ இது எனக்குத் தோணவே இல்லம்மா. பிள்ளைங்க மனசுல முதல்ல ஒரு கணக்கு இருக்கணும், அப்பத்தான் அது உடையும். நாம "இன்னைக்கு எரிமலை பாக்கப் போறோம்"னு சொல்லிட்டு எரிமலை காட்டுறோம். கூட்டிக்கழிச்சவன் சார் ஒண்ணும் சொல்லாம விடுறார். அப்போ பாடம் நடத்துறதுக்கு முன்னாடி அவங்களை ஊகிக்க வைக்கணும், அந்த ஊகத்தை எழுதி வாங்கணும் போல. அறிவியல்ல இதுக்கு நல்லதா ஒண்ணு யாராவது சொல்லுங்க, காசு செலவு இல்லாம.

---

பழைய_ஹெச்எம்

அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன். நீ மதுரைப் பக்கம்னு சொன்னதால உனக்குன்னே பொருத்தமா ஒண்ணு இருக்கு, ஒரு குச்சி போதும்.

முதல்ல பிள்ளைகள்கிட்ட கேளு, "உச்சி வெயில்ல, சரியா நடுப்பகல்ல, கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்குமா?" இருக்காது, சூரியன் உச்சந்தலைக்கு மேல வந்துரும்லன்னு எல்லாரும் சொல்லும். பெரியவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க, வேணும்னா ஸ்டாஃப் ரூம்ல கேட்டுப் பாரு. எழுதி வாங்கிக்க. அப்புறம் ஒரு மீட்டர் குச்சியை மைதானத்துல செங்குத்தா நட்டு 11.45ல இருந்து அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்கு நிழல் நுனியில கல்லு வைக்கச் சொல்லு.

நிழல் இருக்கும்மா. டிசம்பர் கடைசியில பாத்தா நடுப்பகல்லயே 66 சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், வடக்கு பாத்து விழும். அதே குச்சிக்கு ஜூன் 21 வாக்குல 24 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுவும் தெற்கு பாத்து விழும். நிழல் திசையே மாறிப்போறதைப் பாத்ததும் பிள்ளைகளுக்குத் தூக்கிவாரிப் போடும், ஏன்னா சூரியன் வடக்குப் பக்கம் போகும்ங்கிறதை அதுங்க கண்ணால கண்டதே இல்ல. உத்தராயணம் தட்சிணாயணம்னு காலண்டர்ல படிச்சதோட சரி. ஆக, வடக்குல இருந்து தெற்குக்கு நிழல் மாறுறப்போ நடுவுல ஒரு நாள் நிழலே இல்லாம போகணும்ல? அதை நீ சொல்லாதே. ஒரு பிள்ளை சொல்லும், பொறுத்துப் பாரு.

மதுரைக்கு அந்த நாள் வருஷத்துல ரெண்டு தடவை வரும். ஏப்ரல் 16 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 27 வாக்குல ஒண்ணு. ஏப்ரல்ல பரீட்சை நெருக்கடி, ஆகஸ்ட் தோதான நாள். ஆனா 12 மணிக்கு நிழல் மறையும்னு காத்துட்டு நிக்காதே, 12.20 கிட்டத்தான் மறையும். அது ஏன்னு பிள்ளைக கேக்கும். நம்ம கடிகாரம் காட்டுறது 82.5 பாகை தீர்க்கரேகையோட நேரம், அது மதுரைக்கு ரொம்பக் கிழக்கே, அலகாபாத் பக்கம் போகுது, சூரியன் அங்க உச்சிக்கு வந்து பதினெட்டு நிமிஷம் கழிச்சுத்தான் நம்ம ஊருக்கு வரும். கடிகாரத்துல ஓடுறது நம்ம ஊர் நேரமே இல்லைங்கிறது பிள்ளைகளை எப்படி உலுக்கும்னு நான் நேர்லயே பாத்திருக்கேன். ஒரு பையன் என் கைக்கடிகாரத்தையே சந்தேகமா பாத்தான்.

இன்னும் ஒண்ணு. அதே நாள் வேலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல அவங்க நடுப்பகல்ல அளந்தா அங்க ஒரு மீட்டர் குச்சிக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம் நிழல் இருக்கும். அது 3 பாகைக் கோணம். மதுரைக்கும் வேலூருக்கும் வடக்கு தெற்கா அளந்தா 330 கிலோமீட்டர் வரும், ரோட்டுத் தூரத்தை எடுக்கக் கூடாது, மேப்புல நேரா வடக்கே அளக்கணும். 3 பாகைக்கு 330ன்னா 360 பாகைக்கு? பிள்ளைகளே பெருக்கட்டும். 39,600 வரும். பூமியோட சுற்றளவு 40,000 கிலோமீட்டர். எரட்டோஸ்தெனிஸ்னு ஒரு கிரேக்கர் ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால எகிப்துல சியீன், அலெக்சாண்ட்ரியான்னு ரெண்டு ஊரை வச்சு இதைத்தான் செஞ்சார். எட்டாங்கிளாஸ் பிள்ளை ரெண்டு குச்சியை வச்சு இந்த உலகத்தையே அளந்துடும்மா. இதை விட வேற என்ன வேணும்!

---

கறிவேப்பிலைச்செடி

நான் ஒரு அம்மாவா எழுதுறேன். எங்க வீட்டுத் தொட்டியில கறிவேப்பிலைச் செடி இருக்கு, அதுல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு, துடைச்சு விடலாம்னு போனா நகருது. புழு! என் பையன் அன்னைல இருந்து ஸ்கூல் விட்டு வந்ததும் செடிகிட்டதான். அந்த எச்ச வேஷம் கொஞ்ச நாள்ல கலைஞ்சு பச்சையா, இலை நிறத்துல மாறிடுச்சு, ஈர்க்குச்சியால மெல்லத் தொட்டா தலைக்குப் பின்னால இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டி ஒரு மாதிரி நாத்தம் விடுது. அழகி வகை வண்ணத்துப்பூச்சியோட புழுன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க.

ரெண்டு புழு கூடு கட்டுச்சு. ஒண்ணுல இருந்து பட்டாம்பூச்சி வந்துச்சு, கறுப்பு றெக்கையில வெள்ளைப் புள்ளி வரிசை, நசுங்கிப்போன துணி மாதிரி வெளிய வந்து மெதுவா விரிச்சுது. இன்னொண்ணுல சின்னதா ஓட்டை போட்டுக்கிட்டு இத்துனூண்டு குளவிங்க வரிசையா வெளிய வந்துச்சு. பையன் அழுதுட்டான். எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, அப்புறம் தேடிப் படிச்சோம், அந்தக் குளவி கூட்டுப்புழுவுக்குள்ள முட்டை வச்சிரும், குஞ்சுங்க உள்ள இருந்தே தின்னு வளருமாம். மறுநாள் அவன் கேட்டது, "அப்போ அந்தக் குளவி அம்மாவுக்கு அது கூடுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது? நமக்கே இலைன்னுதானே தோணுச்சு?" எனக்கு இன்னும் பட்டாம்பூச்சி வந்ததை விட அந்தக் கேள்விதான் மனசுல நிக்குது. அழகா இருக்கிறதை மட்டும் காட்டினா போதும்னு நாம நினைச்சுக்கிறோம், பிள்ளைங்களுக்கு அப்படி இல்லை.

---

கூட்டிக்கழிச்சவன்

அருமைம்மா. பள்ளிக்கூட வராண்டா ஓரத்துல மழை படாத பொடி மண்ணுல புனல் மாதிரி குட்டிக் குட்டிக் குழி இருக்கும் பாருங்க, அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற பூச்சிதான் குழிநரி. அதையும் சேத்துக்கங்க. எறும்பு விழுந்ததும் அடியில இருந்து மண்ணை வாரி அடிக்கும். குழியோட சரிவு மணல் சரியாம நிக்கிற கடைசிக் கோணத்தை ஒட்டியே இருக்கும், கோணமானி வச்சு அளந்தா கணக்குப் பாடமும் ஆச்சு.

---

பத்தாங்கிளாஸ்_அறிவியல்

எல்லாம் படிச்சேன். ஹெச்எம் ஐயா சொன்னது செய்ய ஆசையாத்தான் இருக்கு. ஆனா மைதானத்துல அரை மணி நேரம் 60 பிள்ளைகளை நிறுத்தினா பக்கத்து வகுப்பு சார் சண்டைக்கு வருவார். என் பாடத்துக்குள்ளயே, அதே பீரியட்ல, அஞ்சு நிமிஷத்துல முடியுற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இப்ப ஒளியியல் போயிட்டு இருக்கு, ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள்ள போறப்போ ஒளி எவ்வளவு வளையுதுன்னு காட்டுற எண்.

---

ஆய்வு_மாணவி_கோவை

சார் உங்க லேப்ல போரோசில் (சூடு தாங்குற கண்ணாடி) சோதனைக் குழாய் இருக்கும்ல? ஒரு பீக்கர்ல சூரியகாந்தி எண்ணெய் ஊத்துங்க. குழாயை உள்ள விடுறதுக்கு முன்னாடி என்ன தெரியும்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அப்புறம் குழாய்க்குள்ளயும் எண்ணெய் நிரப்பி உள்ள விடுங்க. அந்தக் கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் ரெண்டுமே 1.47 கிட்ட, அதனால குழாய் கண்ணுக்கே தெரியாமப் போயிடும். எண்ணெயைத் திரும்ப வடிச்சு எடுத்துக்கலாம், வீணாகாது.

---

தமிழ்ஐயா_மேலூர்

அறிவியல் கணக்கு ஆட்களே பேசிட்டு இருக்கீங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். மாங்குளம் மலையில சமணர் படுக்கை இருக்கு, அங்க தமிழ்பிராமி கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முந்தியது, நெடுஞ்செழியன் பேரே அதுல இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நான் வரலாறு எதுவும் சொல்றதில்ல. ஒரு தாள்ல எழுத்து அட்டவணை மட்டும் அச்செடுத்துக் கொடுப்பேன். கூட்டல் குறி மாதிரி இருந்தா அது க. நேரா ஒரு கோடு கிழிச்சிருந்தா அது ர. அவ்வளவுதான், போய்ப் படிங்கன்னு விட்டுருவேன்.

வெயில்ல ஏறி வந்த களைப்புல முதல்ல உக்காந்துருவாங்க. அப்புறம் ஒருத்தி பாறைக்குக் கீழ படுத்துக்கிட்டு விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா அட்டவணையோட ஒப்பிடுவா, அடுத்தவன் வந்து அவ பக்கத்துல படுப்பான். திக்கித் திக்கி எழுத்துக் கூட்டி ஒரு சொல் கிடைச்சதும் அந்த முகத்தைப் பாக்கணுமே! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எவனோ வெட்டி வச்சதை, தமிழ்ல வாசிக்கத் தடுமாறுதுன்னு நாங்க பட்டியல்ல எழுதி வச்ச பிள்ளை வாசிச்சிருச்சு. நான் வாசிச்சுக் காட்டியிருந்தா கேட்டுட்டு இறங்கிப் போயிருப்பாங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிருவேன், எழுத்து மேல சுண்ணாம்போ சாக்பீஸோ தடவக் கூடாது, கல்லால கீறக் கூடாது.

---

பத்தாங்கிளாஸ்_அறிவியல்

எண்ணெய் சோதனை நேத்து செஞ்சேன். நடந்ததை அப்படியே எழுதுறேன்.

பாதி வகுப்பு "குழாய் தெரியும்"னு எழுதுச்சு, மீதிப் பேர் "வளைஞ்சு தெரியும்"னு எழுதினாங்க, தண்ணிக்குள்ள பென்சில் படம் புத்தகத்துல இருக்குல்ல அதை வச்சு. காணாமப் போகும்னு ஒருத்தரும் எழுதல. உள்ள விட்டதும் முன் பெஞ்சுல இருந்த பொண்ணு, பார்டர் பட்டியல்ல இருக்கிறவ, "சார் உடைஞ்சு போச்சா"ன்னா. வெளிய எடுத்துக் காட்டினேன், திரும்ப விட்டேன், திரும்ப எடுத்தேன். அப்புறம் அவளே தன் கையில கிடந்த கண்ணாடி வளையலைக் கழட்டி "இதை விடுங்க சார்"னு கொடுத்தா. வளையல் மறையல, ஓரம் தெரிஞ்சுது. ஏன்னா சாதாக் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.52 கிட்ட, எண்ணெயோட ஒத்துப் போகல. "அப்போ ரெண்டும் வேற வேற கண்ணாடியா சார்"னு கேட்டா. ரெண்டு கண்ணாடியைப் பிரிச்சுப் பாக்குற முறையை அவளே கண்டுபிடிச்ச மாதிரிதான். பாடப் புத்தகத்துல அந்த எண்ணை நான் இத்தனை வருஷமா அட்டவணையா மட்டுமே நடத்திட்டு இருக்கேன்.

ஆனா அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க, பீரியட் முழுக்கப் போயிடுச்சு. அன்னைக்கு முடிக்க வேண்டிய கணக்கு நாலு பாக்கி, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்ல ஈடுகட்டணும். பின் பெஞ்சுல நாலஞ்சு பேர் கடைசி வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாங்க. நேரம் பத்தி நான் சொன்னதை மாத்திக்கல, பாடத்தோட அளவைக் குறைக்காம வாத்தியார்கிட்ட மட்டும் இதைக் கேக்குறது நியாயம் இல்ல. அலகுக்கு ஒண்ணாவது இப்படிச் செய்யணும்னு மட்டும் முடிவு பண்ணியிருக்கேன். மின்னோட்டத்துக்கு யார்கிட்டயாவது ஏதாவது இருக்கா?

---

வைகைக்கரை_டீச்சர்

சார், அந்தப் பொண்ணு வளையலைக் கழட்டிக் கொடுத்ததைப் படிச்சிட்டு என் வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். இதுக்குத்தான் இந்த இழையையே ஆரம்பிச்சேன். மின்னோட்டத்துக்கு எலுமிச்சம்பழத்துல செம்புக் கம்பியும் ஆணியும் குத்துறது எல்லாரும் செய்யுறதுதான், ஆனா ஒரு பழத்துல எல்இடி எரியாது, எத்தனை பழம் வேணும்னு ஊகிக்கச் சொல்லிட்டு, துத்தநாகம் பூசின ஆணியா எடுத்துக்கிட்டு ஒண்ணொண்ணா சேத்துட்டே போங்க.

ஹெச்எம் ஐயா, நிழல் விஷயம் நான் செய்யுறேன். இந்த வாரமே குச்சி நட்டாச்சு, ஊகத்தை எல்லாம் எழுதி வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன், ஆகஸ்ட்ல பிரிப்போம்னு சொல்லியிருக்கேன். தினமும் நடுப்பகல்ல ரெண்டு பிள்ளைங்க முறை போட்டுக் கல்லு வைக்குறாங்க. வேலூர் பக்கம் ஆசிரியர் யாராவது இருந்தா கை கொடுங்க, ஆகஸ்ட் 27 உங்க பள்ளியில அளக்கணும்.

---

பாலாற்று_வாத்தி

நான் வேலூர் பக்கம்தான், உயர்நிலைப் பள்ளி. நான் வர்றேன் டீச்சர். குச்சி ரெண்டு பள்ளியிலயும் ஒரே உயரம் இருக்கணும், தூக்குக்குண்டு பிடிச்சு நேரா நிக்குதான்னு பாத்துக்கணும், தரை மட்டமா இருக்கணும், நான் சிமெண்டுத் தளத்துல வைக்கப் போறேன். நிழல் நுனி கூர்மையா இருக்காது, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலா இருக்கும், சூரியன் புள்ளி இல்லாம தட்டா இருக்கிறதால. மங்கலோட நடுவை எடுத்துக்கச் சொல்லுங்க. எப்படியும் பத்துல ஒரு பங்கு முன்னப்பின்ன வரும், பிள்ளைகளை அதை மாத்தி எழுத விட வேணாம், வர்றது வரட்டும். மேகம் போட்டா மறுநாள் அளந்து ரெண்டு பள்ளி நிழலையும் கோணமாக்கிக் கழிச்சுக்கலாம், உங்க பக்கம் கொஞ்சூண்டு நிழல் வடக்க விழுந்தாலும் பரவாயில்ல. என் பிள்ளைகள்கிட்ட 40,000ங்கிற எண்ணைச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லிராதீங்க.

---

பனைவடலி

எங்களையும் சேர்ப்பியளோ? வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ, யாழ்ப்பாணம் மதுரையிலும் பார்க்கக் கொஞ்சம் தெற்கால கிடக்குது, 9.7 பாகை. இஞ்ச ஒருத்தரும் நம்பீனமில்லை, இந்தியா முழுக்க எங்களுக்கு வடக்கெண்டுதான் எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கினம். ஆகஸ்டில எங்களுக்கு நிழல் இல்லாத நாள் உங்களுக்குப் பிறகு ஒரு நாள் பிந்தி வரும். மணிக்கூடு ரெண்டு நாட்டிலயும் ஒண்டுதான், ஆனா நாங்கள் கிழக்கால இருக்கிறபடியா எங்கட நடுப்பகல் உங்களுக்கு ஏழெட்டு நிமிசம் முந்தி வரும். பிள்ளையளிட்ட இதைக் கேட்டு வையுங்கோ: யாழ்ப்பாணத்தில நிழல் முதல் குறுகுமோ மதுரையிலயோ? என்ர பத்தாம் ஆண்டுப் பிள்ளையளிட்ட நாளைக்கு எழுதி வாங்கிப்போட்டு எத்தினை பேர் எந்தப் பக்கம் எண்டு இஞ்ச போடுறன்.